பார்க்காமல் வாங்கும் பழைய கேமரா

சித்தூரிலோ திருப்பதியிலோ இருந்துகொண்டு பழைய ஃபிலிம் கேமரா வாங்க நினைப்பவர், கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது அரிது. விற்பவர் சென்னையில் இருப்பார், பெங்களூரில் இருப்பார், சில சமயம் கொல்கத்தாவில் இருப்பார். நமக்குக் கிடைப்பது நான்கு புகைப்படங்களும் இரண்டு வரிகளும்தான். அந்த நான்கு படங்களில் கேமரா எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே ஷட்டர் ஒட்டிக்கொண்டிருப்பதையும் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் எந்த விளம்பரப் படமும் காட்டாது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் பாடம் ஒன்றுதான். கேமரா உங்கள் கைக்கு வரும்வரை, விற்பவரின் கைதான் உங்கள் கை. அவர் கையால் எதைத் திறக்க வேண்டும், எதைத் திருப்ப வேண்டும், எதை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும் என்று கேட்கத் தெரிந்துவிட்டால், நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கேமராவையும் பெரும்பாலும் சரியாக மதிப்பிட்டுவிடலாம்.

முதலில் ஃபிலிம், பிறகு கேமரா

பலர் கேமராவை வாங்கிவிட்டுத்தான் ஃபிலிம் தேடத் தொடங்குகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். இன்று நிம்மதியாகக் கிடைப்பவை இரண்டு அளவுகள்தான்: 35 மி.மீ. ரோல், 120 ரோல். இரண்டையும் இந்தியாவிலேயே ஆன்லைனில் விற்கும் கடைகள் இருக்கின்றன. கோடாக் கோல்டு 200 போன்ற கலர் ஃபிலிமும் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமும் இரண்டு அளவிலும் வருகின்றன.

விளம்பரத்தில் 126, 127, 110, ஏ.பி.எஸ். என்ற எண்களோ எழுத்துகளோ கண்ணில் பட்டால் நிதானியுங்கள். அந்தக் கேமரா நன்றாக ஓடினாலும் அதற்குள் போட ஃபிலிம் கிடைப்பது பெரும்பாடு. 620 என்பது 120 ஃபிலிம்தான்; சுற்றியிருக்கும் சுருள்கட்டை மட்டும் ஒல்லியானது. இருட்டில் 120 ஃபிலிமை 620 கட்டைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது பயன்படும். முதல் கேமராவாக அதை எடுக்க வேண்டாம்.

ஃபிலிமை யார் கழுவித் தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்து ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் டிஜிட்டலுக்குப் போய்விட்டன. ரோலைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்பி, கழுவி, ஸ்கேன் செய்து வாங்குவதே நடைமுறை. கேமராவின் விலை, அது வந்து சேரும் கூரியர் செலவு, ஒரு முறை சர்வீஸ், மூன்று ரோல் ஃபிலிம், அவற்றைக் கழுவும் செலவு என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் கேமராவின் உண்மையான விலை.

ஒரு எச்சரிக்கை. ஊட்டியில் இருந்த மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ ஃபிலிம் பெட்டிகள் இன்னும் சில விளம்பரங்களில் தென்படுகின்றன. நம் மண்ணில் செய்த ஃபிலிம் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அவை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆனவை. அலமாரியில் வைக்க வாங்கலாம். குடும்ப விசேஷத்தை நம்பி அதில் எடுக்கக் கூடாது.

எதை வாங்கலாம்

கற்றுக்கொள்ள வாங்குபவருக்கு என் முதல் பரிந்துரை, பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். பென்டாக்ஸ் கே1000 இதற்கு நல்ல உதாரணம். 1976 முதல் 1997 வரை தயாரானது. பேட்டரி தேவைப்படுவது ஒளியளவு காட்டும் மீட்டருக்கு மட்டும். 1982இல் வந்த நிக்கான் எஃப்.எம்.2, பின்னாளில் கொசினா நிறுவனம் நிக்கானுக்காகச் செய்து கொடுத்த எஃப்.எம்.10 இரண்டும் இதே வகை. மீட்டர் செத்தாலும் கேமரா சாகாது என்பதுதான் இவற்றின் பலம்.

கேனன் ஏ.இ.-1 அழகான கேமரா. ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அசையாது. ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று முனகல் சத்தம் வந்தால், உள்ளே எண்ணெய் வறண்டுவிட்டது என்று பொருள். சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். மினோல்டா எக்ஸ்-700 வாங்குபவர், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் கெட்டு ஷட்டர் நின்றுபோவது அந்த மாடலின் பழக்கமான நோய் என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

யாஷிகா எலக்ட்ரோ 35, நம் ஊர்ப் பழைய வீடுகளிலிருந்து இன்றும் வெளியே வருவது. ஃபிலிமை முன்னேற்றும் லீவரைத் தள்ளும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ஒரு சிறு ரப்பர் திண்டு கரைந்துவிட்டது. பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதன் அசல் மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரியை ஒரு சிறு அடாப்டரோடு போட்டால் ஓடும்.

ஒலிம்பஸ் டிரிப் 35க்குப் பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் கண்ணாடி வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சோதனையும் எளிது. லென்ஸை உள்ளங்கையால் மூடி ஷட்டரை அழுத்தினால், வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் விழ மறுக்க வேண்டும். கொடி எழாவிட்டால் செலினியத்தையோ மீட்டரையோ சந்தேகிக்கலாம். சோவியத் ஜெனிட்-இ கேமராவின் மீட்டரும் செலினியம்தான். அது பல கேமராக்களில் களைத்துப் போயிருக்கும். ஷட்டர் சரியாக இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் அக்ஃபா கிளிக் III பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது அது. 120 ரோலில் ஓடுவதால் இன்றும் உயிரோடு இருக்கிறது. வீட்டிலேயே ஒன்று இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமல் அதிலிருந்தே தொடங்குங்கள்.

தங்கமுலாம் பூசிய ‘ஜெர்மன் லைகா’ குறைந்த விலையில் வந்தால் விலகிவிடுங்கள். சோவியத் ஃபெட், சோர்கி கேமராக்களின் மேல் லைகா பெயரைச் செதுக்கி விற்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு.

எங்கே தேடுவது

விளம்பரத் தளங்களில் ‘சித்தூர்’ என்று மட்டும் தேடாதீர்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராமல் போகலாம். சித்தூர்க்காரருக்குத் திருப்பதியைவிட வேலூர் பக்கம். நகரிக்காரர்களுக்குத் திருத்தணி பக்கம். இந்த ஊர்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பேருந்தில் போய் நேரில் பார்க்க முடிகிற கேமரா, சற்று விலை கூடினாலும் லாபம்தான். விலையுயர்ந்த கேமரா சென்னையில் இருந்தால் ரயிலில் ஒரு நாள் போய்வருவது, மூன்று வாரம் கவலைப்படுவதைவிட மேல்.

விளம்பர வார்த்தைகளுக்கு ஓர் அகராதி வைத்துக்கொள்ளுங்கள். ‘வொர்க்கிங்’ என்றால் ஷட்டர் அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. தெலுங்கில் ‘பனி சேஸ்துந்தி’ என்றாலும் இதே அர்த்தம்தான். ‘டெஸ்ட் செய்யவில்லை’ என்றால் கெட்டது என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள். ‘ஃபிலிம் போட்டுப் பார்த்தது’ என்பது ஒன்றுதான் எடையுள்ள சொல். உடனே அந்த ஃபிலிமில் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லுங்கள். ‘ஆன்டிக்’ என்ற சொல் கேமராவின் வயதைச் சொல்கிறது, நலத்தைச் சொல்லவில்லை.

வீடியோ அழைப்பில் எட்டுச் சோதனை

முதல் செய்தியிலேயே விலை குறைக்கக் கேட்காதீர்கள். இப்படித் தொடங்கலாம்:

“வணக்கம் சார். உங்கள் பென்டாக்ஸ் விளம்பரம் பார்த்தேன். வாங்கும் எண்ணத்தில்தான் கேட்கிறேன். பத்து நிமிஷம் வீடியோவில் கேமராவைக் காட்ட முடியுமா? உங்களுக்கு எந்த நேரம் தோது என்று சொன்னால் நானே கூப்பிடுகிறேன்.”

விற்பவர் ஸ்டுடியோ நடத்திய பெரியவராக இருந்தால் ‘சார்’ அல்லது ‘அய்யா’. தெலுங்கு பேசுபவரானால் பெயரோடு ‘காரு’. முப்பது ஆண்டு கல்யாண வீடுகளில் தோளில் சுமந்த கேமராவை அவர் விற்கிறார். அந்த மரியாதையோடு கேட்டால், கேட்காத குறையையும் அவரே சொல்லிவிடுவார். வீடியோவே முடியாது என்று திரும்பத் திரும்பத் தட்டிக் கழிப்பவரை விட்டுவிடுங்கள்.

ஒன்று: பின்கதவைத் திறக்கும் முன், ரீவைண்டு கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். தடை தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அப்படியே நிறுத்தி, முழுதாகச் சுற்றி எடுத்த பிறகே திறக்க வேண்டும். யாரோ ஒரு வீட்டின் முடியிறக்கிய குழந்தை அந்த ரோலில் இருக்கலாம். உரியவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: பின்கதவு ஓரங்களில் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும். வெளிச்சம் புகாமல் காப்பது அதுதான். பல ஆண்டுகளில் அது தாராகக் கரைந்து ஒட்டும். இது பெரிய குறையல்ல; மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விலை பேசும்போது சொல்ல வேண்டிய குறை.

மூன்று: ஷட்டர் திரை. துணித் திரையானால் கசங்கல், வெடிப்பு, ஊசித்துளை இருக்கிறதா என்று அருகில் காட்டச் சொல்லுங்கள். உலோக இதழ்களானால் நெளிவு இருக்கக் கூடாது. அதை விரலால் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

நான்கு: ஷட்டர் வேகம். முழு ஆய்வும் இதில்தான் இருக்கிறது. 1 நொடியில் வைத்து அழுத்தினால், திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் நடுவே சரியாக ஒரு நொடி இருக்க வேண்டும். எண்ணெய் இறுகிய கேமராக்கள் இங்கேதான் மாட்டும். திறந்தபடி நின்றுவிடும் அல்லது இரண்டு நொடி இழுக்கும். பிறகு பின்கதவைத் திறந்து, கேமராவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வேகத்தையும் போனின் ஸ்லோமோஷனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் 1/8 நொடி என்பது சுமார் 30 படம், 1/30 என்பது 8 படம், 1/60 என்பது 4 படம் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலான வேகங்களை இந்த வழியில் அளக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சக் கீற்று சீராகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஜெனிட்-இயில் மெதுவான வேகங்களே இல்லை, 1/30இலிருந்து தொடங்குங்கள்.

ஐந்து: லென்ஸ். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்புறம் சாய்வாகக் காட்டச் சொல்லுங்கள். சிலந்தி வலைபோல நூல்நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை. பனி மூடியதுபோல் இருந்தால் ஹேஸ். ஓரத்தில் வானவில் நிற வட்டம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. இரண்டு மூன்று தூசிகள் எல்லாப் பழைய லென்ஸிலும் உண்டு; அதற்காக நல்ல கேமராவைக் கைவிடாதீர்கள்.

ஆறு: அபர்ச்சர் இதழ்கள். எஃப்16இல் வைத்து அடுத்தடுத்து அழுத்தும்போது இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். இதழ்மேல் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை மெதுவாகி, படங்கள் வெளுத்துப் போகும்.

ஏழு: ஃபோகஸ். வளையம் சொரசொரவென்று இறுகாமல், தொளதொளவென்று ஆடாமல் திரும்ப வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவானால், வியூஃபைண்டரில் போனை வைத்து, தூரத்துக் கட்டடத்தின் இரட்டை உருவம் இன்ஃபினிடியில் ஒன்றாகச் சேர்வதைக் காட்டச் சொல்லுங்கள்.

எட்டு: பேட்டரி அறையும் மீட்டரும். அறைக்குள் பச்சையோ வெள்ளையோ உப்புப் பூத்திருந்தால் கசிந்த பேட்டரி தின்றிருக்கிறது. கொஞ்சம் என்றால் துடைத்தால் போகும். கம்பிவரை ஏறியிருந்தால் வேண்டாம். மீட்டர் முள் ஜன்னல் பக்கம் ஏறி, தரைப் பக்கம் இறங்க வேண்டும். 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி கேட்கும் மாடல்களுக்குக் காதுமெஷின் கடையில் கிடைக்கும் 675 எண் பேட்டரி ஏறக்குறைய ஈடாகும்.

ஈரம்

நம் பகுதியில் வாங்கும் கேமராவுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது: “வீட்டுக்குள் எப்போதாவது வெள்ளம் வந்ததா?” 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களே ஆறாக ஓடின. சேற்று நீரில் முழுகிய கேமரா வெளியே துடைத்தால் புதுசுபோல் ஆகிவிடும். உள்ளே பற்சக்கரங்களில் வண்டல் நிற்கும். திருகுகளின் தலையில் துரு, வியூஃபைண்டர் உள்ளே மண்கோடு, தோலுறையில் அலையலையாகக் கறை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வெள்ளமே பார்க்காத கேமராவையும் தோலுறை கெடுக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து லென்ஸுக்குப் பூஞ்சை விதைக்கும். நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் ரேஞ்ச்ஃபைண்டரை அதன் அழகான உறையிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்தேன். பொங்கலுக்கு எடுத்தபோது லென்ஸின் ஓரத்தில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. அன்றிலிருந்து உறை தனி, கேமரா தனி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். ஓடாத கேமராதான் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

பணம்

‘ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், அவசரமாக விற்கிறேன்’ என்று அடையாள அட்டைப் படம் அனுப்புபவரை நம்ப வேண்டாம். இந்த வேஷத்தில் இணைய விளம்பரங்களில் ஏமாந்தவர்கள் ஏராளம். அட்டையைப் பார்ப்பதற்குப் பதில், இன்றைய தேதியைத் தாளில் எழுதி, கேமராவின் அருகில் வைத்து, சீரியல் எண் தெரிய ஒரு படம் கேளுங்கள். பொருள் கையில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

‘முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்’ என்றால் அந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் பணம் போகத்தான் செய்யும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக ஜப்பானிலிருந்து, வரவழைப்பவர்கள் சுங்க வரியைக் கணக்கில் சேர்க்காமல் ஆர்டர் போட வேண்டாம். விகிதம் மாறிக்கொண்டே இருப்பது. வாங்கும் வாரத்தில் விசாரித்து, பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

பார்சல் வந்ததும், முதல் ரோலும்

அனுப்பும்போது ஷட்டரை இழுத்து வைக்காமல், பேட்டரியைக் கழற்றி, கேமராவைச் சுற்றிலும் குமிழி உறை கட்டி, பெட்டிக்குள் பெட்டியாக வைக்கச் சொல்லுங்கள். வந்ததும் முகவரிச் சீட்டு தெரிய, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். உடைந்திருந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம். அன்றே எட்டுச் சோதனையையும் உங்கள் கையால் செய்து பாருங்கள்.

பிறகு 200 ஐ.எஸ்.ஓ. ரோல் ஒன்று போட்டு, ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் வேகமும் அபர்ச்சரும் எழுதிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எஃப்16, 1/250 என்று தொடங்குங்கள். அதே காட்சியை எஃப்11, 1/500 என்றும் எஃப்22, 1/125 என்றும் எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் ஷட்டரும் அபர்ச்சரும் சரி. இன்ஃபினிடிக்குத் திருப்பதிக்காரர்களுக்கு வீட்டு மொட்டைமாடியே போதும். லென்ஸைக் கடைசிவரை திருப்பி மலையை எடுங்கள், பாறை விளிம்பு கூராக இருக்க வேண்டும். சித்தூர்க்காரர்கள் ஊரைச் சுற்றிய குன்றுகளில் ஒன்றை எடுக்கலாம். சந்திரகிரி ராஜமகாலின் சுவர் லென்ஸின் மூலைக் கூர்மையைக் காட்டிவிடும். நடுவில் ஒரு படத்துக்குப் பின் கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். வெளிச்சம் புகும் ஓட்டை இருந்தால் அங்கே செந்நிறக் கீற்று விழும்.

திருமலைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. அலிபிரியில் பைகளை ஸ்கேன் செய்வார்கள். 200, 400 ஃபிலிம் ஒரு முறை போய் வந்தால் பயப்பட வேண்டாம், 800 அல்லது அதற்கு மேல் இருந்தால் கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. முன்பே ஒப்படைத்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். எங்கே போனாலும், சித்திரை வெயிலில் ஃபிலிமை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள்.

ரோல் கழுவி வந்ததும் நன்றாக விழுந்த ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு, கேமராவை விற்றவருக்குத் தபாலில் அனுப்புங்கள். நல்ல மெக்கானிக் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்த ஸ்டுடியோப் பரணில் இன்னொரு லென்ஸ் தூங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் தன் கையை உங்களுக்குக் கொடுத்தவர் அவர். அந்தக் கேமரா இன்னும் படம் எடுக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?